பதினோரு வரி எழுதினேன், படித்தார்கள்: ஹாரிஸ்பர்க் விதி ஆணையம் பற்றி என் அனுபவம்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் தலைநகரான ஹாரிஸ்பர்க் பக்கத்தில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி டிப்ஸ்தான். பென்சில்வேனியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்குகிற ஆளுக்கு மட்டும் முதலாளி 2.83 கொடுத்தால் போதும், மீதி டிப்ஸில் வந்துவிட வேண்டும் என்பது கணக்கு. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இன்னொரு பிடித்தமும் இருந்தது. வாடிக்கையாளர் கார்டில் டிப்ஸ் போட்டால், கார்டு கம்பெனிக்குக் கட்டுகிற 3 சதவீதத்தை எங்கள் டிப்ஸிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். 20 டாலர் டிப்ஸில் 60 சென்ட் போகும். ஒரு மாதக் கூலிச் சீட்டுகளை எடுத்துவைத்துக் கூட்டிப் பார்த்தேன். 57 டாலர். எங்கள் வீட்டில் அது ஒரு வாரத்துக் காய்கறியும் பாலும். அதைத் தடுக்க அப்போது மாநில விதியில் ஒன்றும் இல்லை.

கூட வேலை பார்த்த ஒரு பெண்தான் சொன்னாள், தொழிலாளர் துறை இதற்குப் புது விதி கொண்டுவருகிறது, ஐ.ஆர்.ஆர்.சி. தளத்தில் போட்டிருக்கிறார்கள், போய்ப் படி என்று. ஐ.ஆர்.ஆர்.சி. என்றால் இன்டிபென்டன்ட் ரெகுலேட்டரி ரிவியூ கமிஷன், அதாவது அரசுத் துறைகள் கொண்டுவரும் விதிகளைச் சரிபார்க்கும் தனி ஆணையம். 1982இல் ஒரு சட்டம் போட்டு உண்டாக்கியது. உறுப்பினர்கள் ஐந்து பேர். நான்கு பேரைச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் உள்ள ஆளும் தரப்பு, எதிர்த்தரப்புத் தலைவர்கள் ஆளுக்கு ஒருவராக நியமிக்கிறார்கள், ஐந்தாமவர் ஆளுநரின் நியமனம். ஒரு கட்சி மட்டும் உட்கார்ந்து முடிவெடுக்கும் இடமாக இல்லாமல் வைத்திருப்பது எனக்குப் பிடித்தது.

தளத்துக்குப் போனால் ஒவ்வொரு விதிக்கும் ஓர் எண், ஒரு பக்கம். அந்த விதி சம்பந்தமான காகிதம் எல்லாம் அங்கேயே கிடைக்கும். துறை எழுதிய வரைவு, பொதுமக்கள் அனுப்பிய கடிதங்கள், ஆணையத்தின் கருத்து, கடைசி வடிவம், தீர்ப்பு உத்தரவு எல்லாம். காசு கிடையாது, கணக்குத் திறக்கச் சொல்வதும் கிடையாது.

இதில் எனக்கு மிகவும் பயன்பட்டது துறை பூர்த்தி செய்து தர வேண்டிய ஆய்வுப் படிவம். விதியின் வாசகம் வக்கீல் பாஷையில் இருக்கும், முதல் தடவை படித்தபோது எனக்குப் பாதி புரியவில்லை. படிவம் அப்படியில்லை, கேள்வி பதிலாகப் போகிறது. இந்த விதி ஏன் வேண்டும்? எந்தச் சட்டம் உங்களுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது? யாருக்கு லாபம், யாருக்குச் செலவு, எவ்வளவு? சின்னக் கடைக்காரர்களுக்கு என்ன ஆகும்? மற்ற மாநிலங்களில் எப்படி? வருடவாரியாக வரவு செலவுக் கட்டம் ஒன்றும் உண்டு, இந்த வருடத்திலிருந்து அடுத்த ஐந்து வருடம் வரை. எங்களைப் பற்றிய ஒரு விதியில் எங்கள் பணத்தைத் துறை எப்படிக் கணக்குப் போட்டிருக்கிறது என்று அங்கேதான் பார்த்தேன். முதலில் படிவம், அப்புறம் விதி. இந்த வரிசையில் படித்தால் யாருக்கும் புரியும்.

நடைமுறை இப்படி: வரைவு பென்சில்வேனியா புல்லட்டின் என்கிற அரசிதழில் வரும். அன்றிலிருந்து குறைந்தது 30 நாள், யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். அந்தக் கெடு முடிந்து 30 நாளுக்குள் ஆணையம் தன் கருத்தைச் சொல்லும். அதற்குப் பிறகு கடைசி வடிவத்தைக் கொண்டுவரத் துறைக்கு இரண்டு வருடம் அவகாசம். அப்படிக் கொண்டுவரும்போது, வந்த கருத்துகளுக்குப் பதிலும் சேர்த்துத் தர வேண்டும்.

நான் எழுதியது மொத்தம் 11 வரி. மூன்று நாள் யோசித்தேன். என் ஆங்கிலம் போதுமா, பெயர் எல்லோருக்கும் தெரியுமே, வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்றெல்லாம். கடைசியில் 57 டாலர் கணக்கை அப்படியே போட்டு, கார்டுக் கட்டணம் கடைக்கு ஆகும் செலவு, என் உழைப்புக்குக் கொடுத்த பணத்தில் அதைக் கழிக்கக் கூடாது என்று எழுதி அனுப்பிவிட்டேன். பெரிய சங்கங்கள் பக்கம் பக்கமாக அனுப்பியிருந்த கடிதங்கள் இருந்த அதே பட்டியலில் என் 11 வரியும் இருந்தது. அதைத் திரையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை.

2022 மார்ச் 21 அன்று விதியை முடிவு செய்ய ஆணையத்தின் கூட்டம். வேலைக்குப் போவதற்கு முன் வீட்டிலிருந்து காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு சார்ட்டர் பள்ளிகள் (அரசுப் பணத்தில் தனியாக நடத்தப்படும் பள்ளிகள்) பற்றிய விதியும் வந்து 3க்கு 2 என்ற வாக்கில் தேறியது. எங்கள் விதிக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஆணையம் ஒரு வரியைக்கூடத் தானாகத் திருத்த முடியாது. ஏற்கிறோம், ஏற்கவில்லை, இரண்டில் ஒன்றுதான். துறைக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்பது முதல் கேள்வி. பொதுநலன், செலவு, வாசகத்தின் தெளிவு, நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த வருடம் ஆகஸ்ட் 5 முதல் விதி அமலுக்கு வந்தது. டிப்ஸில் கார்டுக் கட்டணம் பிடிக்கக் கூடாது. மாதம் 30 டாலர் டிப்ஸ் வந்தாலே கூலியை 2.83க்கு இறக்கலாம் என்று 1977இலிருந்து இருந்த வரம்பு 135 டாலராக ஏறியது. விருந்துக்கு வரும் பெரிய கூட்டத்திடம் வாங்கும் சர்வீஸ் சார்ஜ் டிப்ஸ் அல்ல என்று வாடிக்கையாளருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விஷயம் எங்களுக்கு எவ்வளவு பெரிது என்பது பரிமாறியவர்களுக்குத்தான் தெரியும். "அதான் 18 பர்சென்ட் போட்டாச்சே" என்று மேசையை விட்டு எழுந்து போனவர்கள் எத்தனை பேர்! அதில் ஒரு டாலர்கூட எங்களுக்கு வராது என்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லாமல் இருந்தது.

குறைகளும் உண்டு. கூட்டம் வேலை நாளில், பகலில். மாலை ஷிப்ட் என்பதால் எனக்குச் சரிப்பட்டது, காலை ஷிப்ட் ஆள் என்ன செய்வார்? காகிதம் எல்லாம் ஆங்கிலம். சமையலறையில் ஸ்பானிஷ் மட்டும் பேசும் இரண்டு பேருக்கு நான்தான் படித்து, கையைக் காலை ஆட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம், ஒப்புதலே முடிவான முடிவு என்று நினைத்துவிடக் கூடாது. மின் நிலையங்களின் கார்பன் வெளியேற்றத்துக்கு விலை வைக்கும் விதியை 2021 செப்டம்பர் 1 அன்று இதே ஆணையம் 3க்கு 2 என்று ஏற்றது. சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட, அப்போதைய ஆளுநர் டாம் வுல்ஃப் அந்தத் தீர்மானத்தை வீட்டோ செய்தார், அதாவது தன் அதிகாரத்தால் தடுத்தார். 2023 நவம்பரில் மாநில நீதிமன்றம், இது வரி, சட்டமன்றம்தான் போடலாம் என்று சொல்லி விதியையே செல்லாததாக்கியது. அதனால் உங்களுக்கு வேண்டிய விதி ஒப்புதல் வாங்கிய பிறகும் அந்தப் பக்கத்தை அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

இந்த ஆணையத்துக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். அரை குறைத்தது நேரத்துக்கும் மொழிக்கும்.

எழுதப்போகிறவர்களுக்கு: கருத்துக்கு மேலே விதியின் எண்ணை மறக்காமல் போடுங்கள். கடைசி வடிவம் வரும்போது எனக்குத் தெரிவியுங்கள் என்று துறையிடம் கேட்டுவையுங்கள், கேட்டவர்களுக்குத்தான் அனுப்புவார்கள். கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே கதவை மூடிவிடுவார்கள், அதற்குப் பின் அனுப்புவதை ஆணையம் வாங்காது. கூலிச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நான் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்திருந்தேன், அந்த 57 அதிலிருந்துதான் கிடைத்தது.