சேரம்பாடியில் என் பணத்தை வாங்காத டிரஸ்ட்

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்காக 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம்தான் டேன்டீ. அம்மா அங்கே கொழுந்து பறித்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். அவர் நினைவாகத் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு ரெண்டு லட்சம் கொடுக்கலாம் என்று ஜூலையில் டொராண்டோவிலிருந்து வந்தேன். நல்ல மழை, காலெல்லாம் அட்டை.

முதலில் கூடலூர்ப் பக்கம் ஓர் இல்லம். போனதும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட வைத்தார்கள். புதன்கிழமை காலை பதினோரு மணி, பள்ளிக்கூடம் நடக்கிற நேரம்! எனக்கு அங்கேயே மனசு விட்டுப் போச்சு. பிள்ளைகள் தங்குகிற இல்லமாச்சே, சிறார் நீதிச் சட்டப் பதிவுச் சான்று எங்கே என்றேன். "ஃபைல் ஊட்டில இருக்கு சார்." சுவரில் லேமினேட் செய்த 80ஜி சான்றிதழ் (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தருவது), 2010 தேதியில். 2021 ஏப்ரலுக்குப் பிறகு பழைய டிரஸ்டுகள் எல்லாமே புதிதாகப் பதிய வேண்டும் என்று ஆடிட்டர் மச்சான் முன்பே சொல்லியிருந்தான். இத்தனைக்கும் இந்தியாவில் வரி கட்டாத எனக்கு 80ஜி-யால் ஒரு பைசா லாபமில்லை. டிரஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது.

ரசீதில் பான் எண்ணைப் பார்த்தேன். நாலாவது எழுத்து டிரஸ்டுக்கு 'டி', தனி ஆளுக்கு 'பி'. இருந்தது 'பி'. கூட வந்த என் தம்பி ஜிபேயில் ஸ்கேன் பண்ணினால் மேனேஜர் பெயரே வருகிறது. "எல்லாம் ஒண்ணுதான் சார், டிரஸ்ட் கணக்குன்னா எடுக்க லேட்டாகும்" என்றார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

சேரம்பாடியில் ஒரு மாலை வகுப்பு, லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கடைசியில் ஒற்றை அறை. நடத்துகிற அக்கா கேட்காமலே கணக்கு நோட்டை நீட்டினார். 'சுண்டல் 340, சாக்பீஸ் 60, பல்பு 90' என்று பென்சிலில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பில்லைப் பின் அடித்து வைத்திருந்தார். தொகையைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, என்ன பாஸ்போர்ட்?"

கனடா, ஆனால் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருக்கு என்றேன்.

"அப்ப ஒரு ரூபா வாங்க முடியாது. ஓசிஐன்னாலும் சட்டத்துக்கு நீங்க வெளிநாட்டு ஆளுதான். வெளிநாட்டு நன்கொடை வாங்கணும்னா எஃப்சிஆர்ஏ பதிவு வேணும், எங்களுக்கு அது இல்ல."

ரூபாயாகவே தருகிறேனே என்றேன். அதுவும் வெளிநாட்டு நன்கொடைதானாம். தம்பி கையில் கொடுத்து அவன் மூலமாக? "கை மாறினாலும் அதே கணக்குதான், என்னைய உள்ள தள்ளிராதீங்க" என்று சிரித்தார். இந்திய பாஸ்போர்ட்டை வைத்திருந்தால் வளைகுடாவிலிருந்துகூட, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாமாம். நான்தான் அந்த பாஸ்போர்ட்டை 2016-ல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தம்பி தன் சம்பளத்திலிருந்து ஐயாயிரம் போட்டான். ரசீதில் அக்காவின் பெயரில்லை, டிரஸ்ட் பெயர்தான்.

என் ரெண்டு லட்சம் அப்படியே இருக்கிறது. எஃப்சிஆர்ஏ உள்ள ஒரு குன்னூர் அமைப்பைப் பார்த்து வைத்திருக்கிறேன். குன்னூருக்கே அனுப்பினாலும் பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளையில் அவர்கள் கணக்குக்குப் போய்த்தான் இறங்க வேண்டும். 2020 திருத்தத்தில் வந்த விதி. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூன்று வருஷக் கணக்கைப் பார்த்துவிட்டேன், தாண்டவில்லை. ஒரு ஜீப் வாங்கிய செலவு மட்டும் புரியவில்லை. மெயில் போட்டிருக்கிறேன்.