பட்டா, சுங்குடியா: எந்த விசேஷத்துக்கு எந்தச் சேலை?

தை பிறந்துவிட்டால் வைகாசி முடியும் வரை எங்கள் வீட்டு நாட்காட்டியில் வட்டமிடாத வாரம் அபூர்வம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா, குலதெய்வக் கோயில் பொங்கல், இடையிடையே எதிர்பாராத துக்கம் என்று ஏதாவது ஒன்றுக்குப் போயாக வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் முந்தின இரவு என் அக்கா மகள் தொலைபேசியில் கேட்பது ஒரே கேள்விதான்: "சித்தி, நாளைக்கு என்ன சேலை கட்டிக்கிட்டு வரட்டும்?" வெளியூரில் வளர்ந்து, மணமாகி மதுரைக்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆன அவளுக்குப் போகிற போக்கில் பதில் சொல்லி வந்த நான், சென்ற ஆண்டு சீட்டுப் பணம் 20,000 ரூபாய் கைக்கு வந்தபோது அதே கேள்வியை என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பட்டுச்சேலை எடுக்கலாம். அல்லது பல ஆண்டுகளுக்குப் போதுமான சுங்குடிச் சேலைகளை, அதாவது மதுரையின் புள்ளி போட்ட நூல்சேலைகளை, எடுத்துவிட்டு மீதியை வங்கியில் போடலாம். நான் விளக்குத்தூண் பக்கம் இரண்டு நாள் அலைந்து, ஏழு சுங்குடிச் சேலைகளோடு வீடு திரும்பினேன். ஓராண்டு கட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

தோற்றத்தில் பட்டுக்கு ஈடில்லை. விலையில் சுங்குடிக்கு ஈடில்லை. மதுரைச் சித்திரை வெயிலில் எது உடம்புக்கு இதம் என்பதையும் எவரும் விளக்கத் தேவையில்லை. இவற்றை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் நான் ஒருவேளை பட்டையே எடுத்திருப்பேன், ஏனென்றால் நான்கு மணி நேர வெயிலைப் பொறுத்துக்கொள்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. என் முடிவைத் தீர்மானித்தது, விசேஷம் முடிந்து வீட்டுக்கு வந்து சேலையை அவிழ்த்த பிறகு தொடங்குகிற வேலை.

பட்டுச்சேலையை அவிழ்த்ததும் மடித்து வைக்க முடியாது. வேர்வை உலரும் வரை நிழலில், காற்றாட, கொடியில் விரித்துப் போட வேண்டும். பந்தியில் தெறித்த ஒரு சொட்டு சாம்பாரும், வரவேற்பில் தெளித்த பன்னீரும், தாம்பாளத்தில் இருந்து ஒட்டிய சந்தனமும் அதில் அடையாளம் விட்டுப் போகும். அவசரப்பட்டு சோப்புப் போட்டுத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் வெளிறிவிடும். பிறகு பெட்டிக்குள் வைப்பது தனிக் கலை. நெகிழிப் பையில் வைத்தால் ஈரம் அடைபட்டு ஜரிகை கறுக்கும். பாச்சை உருண்டை ஜரிகையில் நேராகப் பட்டால் அதுவும் கெடுதல். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றாவிட்டால், மடித்த கோட்டிலேயே இழை அறுந்து போகும். என் அம்மாவின் கல்யாணப் பட்டு அப்படித்தான் போயிற்று. சேலை முழுவதும் இன்றும் மின்னுகிறது, ஆனால் விரித்துப் பிடித்தால் மடிப்புக் கோடுகள் நான்கிலும் வெளிச்சம் தெரிகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், ஆண்டுக்கு நான்கு முறை மடிப்பு மாற்ற எங்கள் எவருக்கும் நேரம் இல்லாமல் போனதே என்று வருத்தமாக இருக்கும்.

டிரை வாஷுக்குக் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு கல்யாணத்தில் முந்தியில் எண்ணெய் பட்ட பட்டுச்சேலை ஒன்றை, மதுரையில் ஒரு சலவைக் கடையில் கொடுத்தேன். எண்ணெய்க் கறை போயிற்று, ஆனால் அரக்குக் கரையின் சாயம் சேலையின் உடல் பகுதிக்குக் கசிந்து, மாம்பழ மஞ்சளில் நீளமாக ஒரு சிவப்புத் தடம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் சேலையைக் கட்டவில்லை. கட்டாவிட்டாலும் மடிப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

சுங்குடிக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. வந்ததும் வாளியில் ஊறப்போட்டு, இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்தினால் மாலைக்குள் காய்ந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு, அது தண்ணீரைப் பற்றியது. எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு. அதில் சோப்பு நுரைக்காது, நுரைக்காத சோப்பை அலசித் தீர்க்கவும் முடியாது, துணி விறைத்துச் சாம்பல் பூத்தாற்போல ஆகிவிடும். ஆகவே சுங்குடிகளை மாநகராட்சிக் குடிநீர் வருகிற நாளில் மட்டுமே துவைக்கிறேன். கஞ்சி போடுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். லேசான சோற்றுக் கஞ்சி போட்டுத் தேய்த்தால் கொசுவம் நாள் முழுக்கக் கலையாமல் நிற்கும், போடாவிட்டால் துவைக்கத் துவைக்கத் துணி மென்மையாகும். தேய்ப்பது கட்டாயம் என்பதைப் பட்டு விரும்பிகள் குறையாகச் சொல்வார்கள். அது நியாயமான குறைதான். பதினைந்து நிமிட வேலை என்று நான் கணக்கிட்டிருக்கிறேன், மின்சாரம் இருந்தால்.

மறுவிற்பனை என்று பார்த்தால் பட்டின் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு. "பழைய பட்டுச்சேலை வாங்கப்படும்" என்ற பலகையை மாசி வீதிகளைச் சுற்றி நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வாங்குவது உண்மையில் ஜரிகையைத்தான். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது, ஆகவே சேலை கிழிந்தாலும் வெள்ளிக்கு விலை உண்டு. என் அம்மாவின் சேலையைக் காட்டியபோது கரையைக் கல்லில் உரசிப் பார்த்துவிட்டு உடனே விலை சொன்னார்கள், நான் கொடுக்கவில்லை. சாயம் கசிந்த என் சேலையின் ஜரிகையை உரசியதும் செம்பு நிறம் தெரிந்தது, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் பட்டுச்சேலைகளில் பலவற்றுக்கு இதே கதிதான் என்பதால், "பட்டு ஒரு சேமிப்பு" என்று பெரியவர்கள் சொன்னதை அப்படியே இந்தக் காலத்துக்குப் பொருத்த முடியாது. எடுப்பதானால் சில்க் மார்க் முத்திரையைப் பார்ப்பதோடு, அந்த முத்திரை பட்டு இழைக்கு மட்டுமே உறுதி சொல்லும் என்பதை நினைவில் வைத்து, ஜரிகை அசலா என்று தனியாகக் கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், பட்டு இல்லாமல் காலம் தள்ளலாம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் சேலை என்பது முறை சார்ந்தது. அண்ணன் மகள் கல்யாணத்தில் அத்தையாக மணமேடையில் நிற்பவரும், காதுகுத்தில் தாய்மாமன் சீர்த் தட்டு ஏந்தி வரும் பெண்களும், குழந்தையின் தாயும் பட்டுதான் உடுத்த வேண்டும். அங்கே நூல்சேலை கட்டி நின்றால், நமக்கு வசதியில்லை என்று எவரும் நினைப்பதைவிட, அந்த உறவை நாம் பெரிதாக மதிக்கவில்லை என்று சம்பந்தி வீட்டார் நினைப்பதே பெரிய மனத்தாங்கலாகும். ஆகவே அக்கா மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்த அளவுகோல் இதுதான்: அழைப்பிதழில் என்ன விசேஷம் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த விசேஷத்தில் நீ யார் என்று பார். மேடையில் நிற்கிற முறை என்றால் பட்டு. அரங்கில் உட்கார்ந்து வாழ்த்துகிற முறை என்றால் சுங்குடி. அப்படிக் கணக்குப் பார்த்தால் ஆண்டில் மேடை ஏறுகிற நாட்கள் இரண்டோ மூன்றோதான், அதற்கு வீட்டில் இரண்டு நல்ல பட்டுகள் தாராளமாகப் போதும்.

மற்ற நாட்களில் சுங்குடி எப்படிப் பொருந்துகிறது என்பதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். துக்க வீட்டை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கேட்கத் தயங்குகிற கேள்வி அது. ஜரிகை இல்லாத, அடர்ந்த நீலத்திலோ பாக்கு நிறத்திலோ உள்ள பழைய சுங்குடி அங்கே கண்ணை உறுத்தாது. அதைவிட முக்கியமாக, துக்க வீட்டிலிருந்து திரும்பியதும் தலைக்குக் குளித்து, உடுத்தியதை உடனே நனைத்துப் போடுவது எங்கள் வழக்கம். தண்ணீரில் முக்க முடியாத எந்தச் சேலையும் அந்த வழக்கத்துக்கு ஒத்துவராது. இதே காரணம் குலதெய்வக் கோயிலுக்கும் பொருந்தும்: உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ கண்மாய்க் கரைக் கோயிலில் விறகு மூட்டிப் பொங்கல் வைத்து, புகையில் நின்று, புழுதியில் பாய் விரித்து உட்கார்ந்து கறிச்சோறு பரிமாறுகிற நாளில், சேலையைப் பற்றிய கவலை இல்லாமல் இருப்பதே பாதி நிம்மதி.

சித்திரைத் திருவிழாவை விட்டுவிட்டு மதுரையில் உடை பற்றி எழுத முடியாது. சித்ரா பௌர்ணமியை ஒட்டி வைகையில் இறங்கும் கள்ளழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே இரவெல்லாம் காத்திருக்கும்; பச்சைப் பட்டு என்றால் அந்த ஆண்டு செழிக்கும் என்பது நம்பிக்கை. தோல் பையில் நீர் நிரப்பி அழகர் மீது பீய்ச்சும் நேர்த்திக்கடன்காரர்களுக்கு நடுவே நின்று தரிசித்துவிட்டு நனையாமல் வீடு திரும்பியவர் எவரும் இல்லை. நான் இந்த ஆண்டு சிவப்புச் சுங்குடி கட்டிப் போனேன். தெப்பமாக நனைந்து, நடந்து வீடு வருவதற்குள் பாதி உலர்ந்துவிட்டது. மீனாட்சி திருக்கல்யாணத்தன்று தாலிக் கயிறு மாற்றும்போது மஞ்சள் படுவதும் தவிர்க்க முடியாதது. சுங்குடியில் பட்ட மஞ்சள் சோப்பிலும் வெயிலிலும் மெல்ல மெல்ல மங்கிவிடும்.

வேறு சேலைகளைப் பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு. செயற்கைப் பட்டு ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது, இரண்டு மாலை வரவேற்புகளுக்குக் கட்டினேன், குளிரூட்டிய மண்டபத்தில் நன்றாகவே இருந்தது. அது எத்தனை துவையலுக்குத் தாங்கும் என்று சொல்கிற அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. கதர்ச் சேலை ஒன்றைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த காலத்தில் சுதந்திர தினத்துக்கென்றே வைத்திருந்தேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அரையாடைக்கு மாறியது நம் மேலமாசி வீதியில்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கதர் உடுத்தியிருப்பது பொருத்தமாகப் பட்டது. நனைந்தால் கனம் கூடி, பிழிவதற்குக் கை வலிக்கும் என்பதால் பிற நாட்களுக்கு அதை எடுக்கவில்லை.

சுங்குடி எடுக்க முடிவு செய்தவர்கள் கடையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில் இது. துணியைச் சிறு சிறு முடிச்சுகளாக நூலால் கட்டிச் சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்க்கும்போது கட்டிய இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். 2005 இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது கடைகளில் அடுக்கியிருப்பவற்றில் பெரும்பாலானவை அச்சுப் புள்ளிகள். அவற்றில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவாக இருக்கும். கையால் கட்டியதில் ஒரு புள்ளி போல மற்றொன்று இருக்காது, தடவிப் பார்த்தால் கட்டிய இடம் லேசாகப் புடைத்துச் சுருங்கியிருக்கும். நான் எடுத்த ஏழில் இரண்டு கைக்கட்டு, ஐந்து அச்சு. நாள்பட உடுத்த அச்சுச் சேலையே போதும் என்றாலும், கைக்கட்டுச் சேலையைக் கட்டிப் போன இரண்டு கல்யாணங்களிலும் பட்டு உடுத்திய பெண்களே அருகில் வந்து முந்தியைத் தொட்டுப் பார்த்து விசாரித்தார்கள்.

வரும் ஆவணியில் அக்கா மகளுக்கு ஒரு புதுமனை புகுவிழா இருக்கிறது. அவள் கணவரின் நண்பர் வீடு, மேடை முறை எதுவும் கிடையாது, அதிகாலையில் ஓமப் புகை உண்டு. அரக்கு நிறத்தில் சின்னக் கரை போட்ட சுங்குடி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஃபால்ஸ் தைக்கும் முன்பே சேலையைத் தனியாக ஒரு கைப்பிடிக் கல்லுப்புப் போட்ட தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து அலச வேண்டும்; தைத்த பிறகு நனைத்தால் துணி சுருங்கி ஓரம் இழுத்துக்கொள்ளும். முதல் மூன்று அலசலுக்கு வேறு துணியோடு சேர்க்கக் கூடாது, அரக்குச் சாயம் அதற்குள் நின்றுவிடும்.