தொடை உரசலுக்கு ஒரு ஸ்டிக்

நடக்க நடக்கத் தொடைகள் உரசி, தோல் கன்றி எரியும் வேதனை என்னைப் போன்ற பருத்த உடம்புக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தடுக்கத் தடவிக்கொள்ளும் ஸ்டிக் ஒன்றை வாங்கினேன். வாங்க வைத்தது அதன் விளம்பரம்தான். படியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கிறது. இரண்டு தொடையும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கிடக்கின்றன. உள்பக்கம் கறுத்திருக்கும் தோலும் பக்கவாட்டில் ஓடும் வெளிர் வரிகளும் அப்படியே தெரிகின்றன. இடுப்புப் பட்டிக்கு மேல் வயிறு மடிந்து விழுகிறது. இப்படி ஓர் உடம்பை நான் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். 'பிளஸ் சைஸ்' என்று காட்டும் படங்களில்கூட வயிறு பெரும்பாலும் தட்டையாகத்தான் இருக்கும்.

நார்வேயில் 2022 ஜூலை முதல், உடம்பின் வடிவத்தையோ அளவையோ தோலையோ திருத்திய விளம்பரப் படங்களில் அதைச் சொல்லும் முத்திரை போட வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. இந்தப் படத்துக்கு அந்த முத்திரை தேவைப்படாது என்றே தோன்றுகிறது.

சரி, பொருளுக்கு வருகிறேன். மெழுகும் சிலிகானும் கலந்தது. தடவினால் தோல் மேல் வழுவழுப்பாக ஒரு படலம் நிற்கும். வியர்வையை நிறுத்தாது, ஆனால் வியர்த்தாலும் தோல் தோலைப் பிடித்து இழுக்காது. பவுடர் போட்டால் வியர்வையில் நனைந்து திரண்டு, அப்புறம் அதுவே உறுத்தும். இதில் அந்தத் தொல்லை இல்லை. குளித்து ஈரம் போகத் துடைத்த பிறகு தடவ வேண்டும். நிறைய நடக்கிற நாளில் மதியத்துக்கு மேல் இன்னொரு முறை தேவைப்படும். ஏற்கெனவே புண்ணாகிவிட்ட இடத்தில் தடவாதீர்கள், முதலில் ஆறட்டும்.

குறை ஒன்று உண்டு. ஸ்டிக்கின் அகலம் கட்டைவிரல் அளவுதான். என் தொடையில் அது திரும்பத் திரும்ப இழுத்தால்தான் எட்டுகிறது, சீக்கிரம் தீர்ந்தும் போகிறது. விளம்பரத்தில் இருக்கும் பெண்ணுக்கும் அதே கதைதானே? அவளைப் படம் எடுத்தவர்கள் அவள் தொடையை அளந்தும் பார்த்திருக்க வேண்டும்.

என்னை இதைவிட வருத்தியது வேறு. அதே நிறுவனத்தின் முகக் கிரீம், லிப்ஸ்டிக் விளம்பரங்களைத் தேடிப் பார்த்தேன். அவளும் இல்லை, அவள் அளவில் வேறு யாரும் இல்லை. பருத்த பெண் பருமனால் வரும் தொல்லைக்கு மட்டும்தான் முகம் காட்ட வேண்டுமா? 2004-இல் டவ் தொடங்கிய பிரசாரத்தில் பல அளவுப் பெண்கள் உள்ளாடையோடு நிமிர்ந்து நின்றார்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் அவர்களை வைத்து விற்றது தோலை இறுக்கும் லோஷன். 'பிளஸ் சைஸ்' மாடல் ஆஷ்லி கிரஹாமை 2018-இல் ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனம் தன் விளம்பர முகங்களில் ஒருவராக்கியது எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது. லிப்ஸ்டிக் பூச இடுப்பளவு எதற்கு?

ஸ்டிக்கை மறுபடியும் வாங்குவேன், வேலை செய்கிறது. நிறுவனத்துக்கு எழுதியும் போட்டிருக்கிறேன்: ஸ்டிக்கை இன்னும் அகலமாகச் செய்யுங்கள், அடுத்த லிப்ஸ்டிக் விளம்பரத்துக்கு அந்தப் பெண்ணையே கூப்பிடுங்கள் என்று.