கோத்தகிரிச் சீயக்காய்: மூன்று மாதம் தேய்த்துப் பார்த்த பிறகு

மார்ச் கடைசியில் கோத்தகிரி போனபோது ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் சீயக்காய் இரண்டு கிலோ வாங்கினேன். பொடியாக வேண்டாம், முழுக் காயாகத்தான் வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். போன வருடம் வேறொரு கடையில் வாங்கிய பொடி எத்தனை முறை அலசியும் தலையில் மண் மாதிரி ஒட்டிக்கொண்டது. முகர்ந்தால் மரத்தூள் வாசம். பொடியில் எதையும் கலந்துவிடலாம், காயில் முடியாது.

வீட்டுக்கு வந்து முறத்தில் கொட்டிப் பார்த்தேன். பழுப்புச் சிவப்பில், விதை இருக்கும் இடம் புடைத்து, நடுவில் இடுங்கிய காய்கள். ஒடித்தால் படக்கென்று ஒடிகிறது. காம்பு, சருகு எதுவும் இல்லை, முக்கியமாகப் பிஞ்சு இல்லை. காட்டில் காய் பறிப்பவருக்கு இன்னொருவர் முந்திவிடுவாரோ என்ற பயமும் வியாபாரியின் அவசரமும் சேர்ந்தால் பிஞ்சும் பறிபடும், முள்ளுக்குப் பயந்து கொடியையே வெட்டிச் சாய்ப்பதும் நடக்கும். அப்புறம் விதைக்கு எது மிஞ்சும்? முற்றும்வரை காத்திருப்பவருக்கு அதற்கேற்ற விலை கிடைத்தால்தான் கொடி பிழைக்கும்.

இந்த நிறுவனத்தை நான் நம்புவதற்கும் அதுதான் காரணம். 2013இல் தொடங்கியது. நீலகிரி வட்டாரத்து இருளர், குறும்பர் போன்ற பழங்குடி மக்களே பங்குதாரர்கள், 1,500 பேருக்கும் மேல். காட்டில் சேகரித்தவரிடமே நேராக வாங்கி, ஊரிலேயே சுத்தம் செய்து, பொட்டலம் போடுகிறார்கள். அந்த வேலையில் பெண்கள்தான் அதிகம். இயற்கையைக் காத்தபடியே பிழைப்பு நடத்தும் உள்ளூர்ச் சமூகங்களுக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் தரும் ஈக்வேட்டர் பரிசு 2021இல் கிடைத்தது. தேன், சீயக்காய் போன்ற சிறு வனப் பொருட்களைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டமே இவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த உரிமை கையில் காசாக மாறுவதற்கு இப்படி ஓர் அமைப்பு வேண்டியிருக்கிறது.

சரி, காய்க்கு வருகிறேன். மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைத்தேன். கிலோவுக்குக் கால் கிலோ பாசிப்பயறு, நூறு கிராம் வெந்தயம், கொஞ்சம் பூலாங்கிழங்கு, ஒரு கை காய்ந்த செம்பருத்தி இலை. மில்லில் அண்ணன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் அரைத்தார். அப்படியும் தும்மல் நிற்கவில்லை. "இது நல்ல காரமான காய் அம்மணி, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்.

சோறு வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்த்தால் நல்லெண்ணெய் ஒரே தேய்ப்பில் போய்விடுகிறது. ஷாம்பு மாதிரி நுரை வராது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். கண்ணில் பட்டால் எரியும், குழந்தைக்குத் தேய்க்கும்போது கவனம். என் அத்தைக்கு வயது எழுபதுக்கு மேல். தலை துவட்டும்போது முடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்கம்மா அரைச்ச மாதிரியே இருக்குது" என்றார்.

ஒரு கிலோவை அரைக்காமல் டப்பாவில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது பூந்திக்கொட்டையும் வாங்கிவர வேண்டும், பட்டுச் சேலைகள் காத்திருக்கின்றன.