பணிக்குத் திரும்ப உதவும் ஆலோசனைச் சேவை: என் மதிப்பீடு

மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்து, ஆறு வாரம் ஓய்வெடுத்து முடித்ததும், வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சான்றிதழோ மேலும் மூன்று வாரம் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. உடல் தேறியும் கால் எழாத அந்த நிலையில்தான் இச்சேவையில் சேர்ந்தேன்.

முதல் நாளில் ஆலோசகர் என் இதயத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எப்போது வேலைக்குத் திரும்புவீர்கள் என்று நினைக்கிறீர்கள் என்ற ஒரே கேள்வி இருந்த தாளை நீட்டினார். பேனாவைப் பிடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எதுவும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தேன். திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதும், நோயின் கடுமையைப் போலவே, அவர் பணிக்குத் திரும்புவதைத் தீர்மானிக்கிறது என்று ஆலோசகர் விளக்கினார். அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் 1977-இல் முன்வைத்த, நோயை உடலோடு மட்டுமின்றி மனத்தோடும் சமூகச் சூழலோடும் சேர்த்துப் பார்க்கும் உடல்-உள-சமூக அணுகுமுறைதான் இவர்களுக்கு அடித்தளம். மாரடைப்பு கண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு வருவதால், அதற்கான வினாத்தாளையும் அன்றே நிரப்பச் சொன்னார்கள். அத்தனை பரிசோதனைகள் செய்த மருத்துவமனையில் இதை ஒருவரும் கேட்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மாடிப்படியைக் கண்டாலே ஒதுங்கிய என்னை, மருத்துவரின் ஒப்புதலோடு இரண்டு மாடி ஏறவைத்து, மேலே நின்று நாடித்துடிப்பை நானே எண்ணும்படி செய்தார் ஆலோசகர். மூச்சு வாங்குவது வேறு, நெஞ்சு வலி வேறு என்று என் உடம்பே எனக்குச் சொன்னது அன்றுதான். பணிச்சுமை மிகுந்து, அதைச் செய்யும் விதத்தில் தன் விருப்பத்துக்கு இடமில்லாதபோதே மன அழுத்தம் கூடுகிறது என்பதால், முதல் இரண்டு வாரம் அரைநாள் வேலை என்றும், வேலைகளின் வரிசையை நானே முடிவு செய்வேன் என்றும் அலுவலகத்துடன் பேசி ஏற்பாடு செய்தார்கள். சக ஊழியர்கள் அன்பினால் என் கையிலிருந்த கோப்புகளை வாங்கிக்கொண்டபோது, நான் எதற்கும் உதவாதவனாகிவிட்டேனோ என்று மனம் குன்றியதையும் அங்கே தயங்காமல் சொல்ல முடிந்தது.

குறை என்றால், மேலாளருடன் அவர்கள் பேசியது ஐந்தாவது வாரத்தில்தான். அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பும் வராததை, என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டதற்கான அடையாளமாகவே அதுவரை எண்ணியிருந்தேன். ஓய்விலிருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் பேசவில்லை என்றார் மேலாளர். அந்தத் தொலைபேசி அழைப்பை முதல் வாரத்திலேயே செய்யுங்கள் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.