தாடி மிகுந்த காலத்தில் முழுச் சவரம்: ஒரு முடிதிருத்தகம் பற்றிய மதிப்புரை

மன்னார்குடிக் கடைத்தெருவில் இரண்டே நாற்காலிகளுடன் நடந்துவரும் ஒரு முடிதிருத்தகத்துக்கு, வரன் தேடிக்கொண்டிருக்கும் என் தம்பியை அழைத்துச் சென்றேன். ஜாதகத்தோடு அனுப்பவிருக்கும் புகைப்படத்துக்காகத் தாடியை ஒதுக்கிவிடச் சொன்னபோது, கடைக்காரர் டிரிம்மரைக் கையில் எடுக்கவே இல்லை. "வர்ற மாப்பிள்ளை எல்லாரும் இதே தாடியோடதான் போட்டோ எடுக்கிறாங்க தம்பி, ஒரு தடவை சேவ் பண்ணிப் பாருங்களேன்" என்றார்.

அனுபவத்திலிருந்து வந்த அந்த யோசனைக்கு ஆய்வின் துணையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானிஃப், புரூக்ஸ், டிக்சன் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தாடி வைத்த முகங்கள் அரிதாக இருந்த படவரிசையைப் பார்த்தவர்கள் தாடிக்கும், மழித்த முகங்கள் அரிதாக இருந்த வரிசையைப் பார்த்தவர்கள் மழித்த முகத்துக்கும் ஈர்ப்பில் கூடுதல் மதிப்பெண் அளித்தார்கள். தாடி ஒரு தலைமுறையில் பெருகி அடுத்ததில் மறைவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்; லண்டன் இதழொன்றில் 1842 முதல் 1972 வரை வெளிவந்த ஆண்களின் படங்களை எண்ணிப் பார்த்த ராபின்சன் என்ற ஆய்வாளர், அங்கே தாடி 1892 வாக்கில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் சரிந்ததைக் காட்டியிருக்கிறார். ஆனால் அரியது எதுவாயினும் ஈர்க்கும் என்று இதை நீட்டிவிடக் கூடாது. பெண்களின் கூந்தல் நிறத்தை வைத்து அதே குழுவினர் செய்த மற்றோர் ஆய்வில் இத்தகைய விளைவு தென்படவில்லை. மேலும், படத்துக்கு மதிப்பெண் இடுவது வேறு, வாழ்க்கைத் துணையைத் தேர்ந்தெடுப்பது வேறு.

சவரத்தின் தரத்தைக் குறை சொல்ல இடமே இல்லை. வெந்நீரில் நனைத்த துண்டால் முகத்தை மூடி, மயிர் நன்றாக இளகிய பிறகே பிரஷ்ஷால் நுரை பூசினார். கத்தியில் புது பிளேடை எங்கள் கண்ணெதிரே மாட்டினார். தாடைக்குக் கீழே மயிர் சுழித்து வளரும் இடத்தில் தோலை விரலால் இழுத்துப் பிடித்து, அது வளரும் போக்கிலேயே மழித்தார். கடைசியில் படிகாரக் கட்டியைத் தேய்த்தபோது ஓரிடத்தில்கூட எரியவில்லை என்றான் தம்பி. எந்தப் படத்தை அனுப்புவது என்பதை அவனே முடிவு செய்யட்டும் என்று, தாடியோடு ஒன்றும் மழித்த பின் ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுத்துக்கொண்டோம். வாடிக்கையாளரின் முகத்தையும் காலத்தின் போக்கையும் சேர்த்துப் பார்த்து யோசனை சொல்லும் கடைக்காரர் அமைவது அரிது. அதற்காகவே இக்கடையை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

முழுச் சவரத்துக்கு 120 ரூபாய் வாங்குகிறார்கள். முன்பதிவு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல்வரை கூட்டம் நிற்பதால் வாரநாளில் செல்வதே நல்லது.