பலூ தம்பியோடு ஆறு வருடங்கள்

ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் எழுத்துருவின் தரத்தைச் சொல்வது கத்திதான். பிளாட்டர் என்ற வெட்டும் இயந்திரம் வெட்டி முடித்ததும் வேண்டாத பகுதியை உரித்தெடுக்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளி. மெல்லிய எழுத்தில் 'அம்மன் துணை' வெட்டினால் இரண்டு புள்ளிகளில் ஒன்று கழிவோடு வந்துவிடும். பலூ தம்பி என்ற தமிழ் எழுத்துருவில் புள்ளி மிளகுபோல் குண்டாக இருப்பதால் இடத்தை விட்டு அசையாது. முனைகள் உருண்டையாக இருப்பதால் வண்டியில் ஒட்டிய பிறகு ஓரம் தூக்கிக்கொள்வதும் குறைவு. அதற்காகத்தான் இந்த எழுத்துருவைத் தொட்டேன். அழகு பிறகுதான் கண்ணில் பட்டது.

ஏக் டைப் குழுவினர் உருவாக்கி, 2016இல் கூகுளின் எழுத்துருத் தளமான கூகுள் ஃபான்ட்ஸில் வந்தது. திறந்த உரிமம் என்பதால் வியாபாரத்துக்கும் காசு கட்ட வேண்டியதில்லை. மற்ற மொழி வடிவங்கள் பலவற்றுக்கும் இப்படி உறவுமுறைப் பெயர்தான்: தெலுங்கில் தம்முடு, மலையாளத்தில் சேட்டன். தம்முடுவும் தம்பிதான்; சேட்டன் என்றால் அண்ணன். மலையாளத்துக்கு அண்ணன் பட்டம், நமக்குத் தம்பி பட்டமா என்று எனக்கு இன்னும் சின்ன மனத்தாங்கல் உண்டு. இந்தியில் 'பாலு' என்றால் கரடி. எழுத்தின் உடம்பைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் திண்டாடினேன். கடையிலிருந்த பழைய மென்பொருளில் யூனிகோட் முறை எழுத்துகள் சரியாக உட்காராது. 'செல்வி'யின் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. மென்பொருளை மாற்றிய பிறகே வேலை ஓடியது. வரிகளுக்கிடையே தானாக விழும் இடைவெளியும் அதிகம். இரண்டு வரிப் பலகை என்றால் ஒவ்வொரு முறையும் கையால் நெருக்கிவைக்கிறேன்.

பெரிய குறை, சிறிய அளவில் சுழிகள் அடைத்துக்கொள்வது. ஒருமுறை அழைப்பிதழின் கீழ்வரியை இதிலேயே வைத்துவிட்டேன். படத்தைக் கைப்பேசியில் பார்த்த பெண்ணின் தகப்பனார், "என்ன தம்பி, 'திருமன' மண்டபம் என்று போட்டிருக்கிறீர்களே?" என்று கேட்டார். போட்டது 'ண'தான். மூன்று சுழியும் ஒன்றோடொன்று ஒட்டி 'ன' ஆகியிருந்தது. பின்னால் வந்த பலூ தம்பி 2இல் ஐந்து தடிமன்கள் இருக்கின்றன. சின்ன வரிக்கு அதில் மெல்லியதை எடுக்கலாம். ஆனால் மெலிந்தால் அந்தக் கொழுகொழுப்பு போய்விடுகிறது. எனக்குப் பழைய குண்டு எழுத்துதான் பிடிக்கும். ஐஸ்கிரீம் வண்டி, மழலையர் பள்ளி, பிறந்தநாள் பேனர் எல்லாவற்றுக்கும் அதுதான்.

கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் கூடாது என்று வைத்திருந்தேன். சென்ற வருடம் ஒரு பையன் வந்து இதே எழுத்தில் வேண்டும் என்றான். சிரிக்கிற எழுத்து, துக்கத்துக்கு ஒத்துவராது என்றேன். "அப்பாவின் பொம்மைக் கடைப் பலகை இந்த எழுத்தில்தானே அண்ணே இருந்தது. நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்" என்றான்.

பெயரை மட்டும் பலூ தம்பியில் வைத்தேன். தேதியும் நேரமும் வேறு எழுத்துருவில்.